டப்பாவில் என்ன மிச்சம்

அவருக்கு அதிர்ச்சி என்பதே வராது. அவர் பங்குக்கும் சேர்த்து நான்தான் அதிர்ந்துகொண்டிருந்தேன்.

எண்பதுகளின் முதல் பாதியில், திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் நாங்கள் இருவரும் ஒரே ஜூன் மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். அவர் தாவரவியல், நான் வேதியியல். என்னைவிட ஆறேழு வயது பெரியவர் என்பதால் அக்கா என்று கூப்பிடுவேன். ஸ்ரீரங்கத்துக்காரர், வீட்டில் கணவரும் மாமியாரும். நான் பாலக்கரையில் மாதா கோயிலுக்குப் பக்கத்து வீடு. பல்லி விழுந்தால் கட்டில் மேல் ஏறி நிற்கிற ஜாதி நான். என்னைக் கொண்டுபோய் அவரோடு ஒரே சோதனைச்சாலையில் போட்டது யார் யோசனை என்று இன்றுவரை தெரியாது.

எது உடைந்தாலும், எது தீய்ந்தாலும், அவர் சொல்வது ஒன்றுதான். "சரி. என்ன மிச்சம் இருக்கு?"

முதல் வருஷமே பார்த்துவிட்டேன். பொங்கல் விடுமுறைக்குக் கல்லூரியைப் பூட்டிவிடுவார்கள். நாலு நாள் கவனிக்காமல் விட்டால் கெட்டுவிடும் என்று ஒரு பெரிய பாட்டிலை ஒயர் கூடையில் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடி, வீட்டுக்கு எடுத்துக்கொண்டு கிளம்பினார். துணைக்கு நானும் போனேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறும்வரை ஒன்றும் இல்லை. காவிரிப் பாலத்தின் நடுவில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. பாட்டிலின் ரப்பர் மூடி பட்டென்று தெறித்துக் கூரையில் அடித்தது. பஸ் முழுக்கச் சாராய வாடை.

கண்டக்டர் விசில் அடித்து வண்டியை நிறுத்திவிட்டார். "யாருங்க சரக்கு வெச்சிருக்கிறது? மரியாதையா எறங்கிடுங்க."

எல்லோரும் திரும்பிக் கடைசி சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு ஆளைப் பார்த்தார்கள். அந்தப் பாவம் எழுந்து, "சத்தியமா நான் இல்லீங்க, இன்னிக்கு நான் தொடவே இல்லீங்க" என்றது. எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. அக்கா நிதானமாகக் கையைத் தூக்கினார்.

"நான்தான் வெச்சிருக்கேன். மரவள்ளிக்கிழங்குக் கஞ்சி. அதை ஈஸ்ட் தின்னுண்டிருக்கு."

கண்டக்டர் அவர் நெற்றியின் மெல்லிய சிவப்புக் கோட்டைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். "நீங்க சொன்னா சரிதாங்கம்மா. ஆனா வண்டியே மணக்குதுங்களே" என்றார்.

அக்கா துண்டை விலக்கி, பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, "முக்கால்வாசி மிச்சம் இருக்கு. பரவாயில்லை" என்றார். அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் அந்த நேரத்து பஸ்ஸில் ஏறவில்லை.

அவர் செய்துகொண்டிருந்த வேலை இதுதான். சாராயம் தருகிற ஈஸ்ட்டுக்குச் சர்க்கரையைத்தான் தின்னத் தெரியும், மாவைத் தின்னத் தெரியாது. கிழங்கு மாவைக் கொடுத்தால் பட்டினி கிடக்கும். அதனால் மாவை முதலில் அமிலத்தில் வேகவைத்துச் சர்க்கரையாக்க வேண்டும். விறகு, அமிலம், ஆள் எல்லாம் தெண்டம். வேறு ஒரு ஜாதி ஈஸ்ட் இருக்கிறது. அது மாவை நன்றாகத் தின்னும், ஆனால் சாராயம் என்று பெரிதாக ஒன்றும் தராது. இந்த இரண்டையும் ஒன்றாக்கி, மாவைத் தின்று நேரே சாராயம் தருகிற ஒரே ஈஸ்ட்டைச் செய்துவிட வேண்டும் என்பது அக்காவின் பிடிவாதம். சாராயம் என்றால் குடிப்பதற்கு அல்ல. அதிலிருந்து வினிகர், ஈதர், பெயிண்ட் கரைக்கிற திரவம் என்று ஒரு மருந்துக்கடையே எடுக்கலாம். துறையூர்ப் பக்கம் விலை இல்லாமல் குவிந்து கிடக்கும் கிழங்குக்கு அப்போது ஒரு மதிப்பு வரும். எவ்வளவு சாராயம் வந்தது என்று வடித்து அளந்து சொல்வது மட்டும் என் வேலை.

இரண்டு ஈஸ்ட்டை ஒட்ட வைக்க, முதலில் அவற்றின் மேல்தோலை உரிக்க வேண்டுமாம். தோலைக் கரைக்கிற சரக்கு நத்தையின் வயிற்றில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வாங்க எழுதிப் போட்டு எட்டு மாதம் ஆகியும் பதில் இல்லை. ஒரு சனிக்கிழமை அக்கா லால்குடி பஸ் ஏறிப் போய், வயல் வரப்பில் இறங்கி, ஒரு வாளி நிறைய நத்தை பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

நான் மீன் அரிகிற வீட்டில் வளர்ந்தவள். நானே வெளியே ஓடிவிட்டேன். வெங்காயம்கூடச் சேர்க்காத வீட்டுப் பெண், பகல் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கீறிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது ஒவ்வொன்றைக் கையில் எடுக்கும்போதும் வாய் முணுமுணுத்தது.

"என்னக்கா சொல்றீங்க அதுகிட்ட?"

"மன்னிச்சுக்கோன்னு சொல்றேன். வேற என்ன சொல்றது?"

அன்று போய் வீட்டில் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம். அவர் மாமியாரைப் பற்றி நானே மனசுக்குள் ஒரு சித்திரம் வரைந்து வைத்திருந்தேன். மடி, ஆசாரம், பெருமாள் கோயில், ஏகாதசி. அந்த வீட்டில் ஈஸ்ட், சாராயம் என்ற வார்த்தைகளை வாயிலேயே எடுக்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டமும் போட்டுக்கொண்டேன். அக்கா அப்படிச் சொன்னதே இல்லை. இதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இன்னொரு நாள் தன் கல்யாண வெல்வெட் ரவிக்கையின் கைகளை வெட்டிக்கொண்டு வந்தார். ஒரு பிளேட்டில் முளைத்த ஈஸ்ட் புள்ளிகளை அப்படியே இன்னொரு பிளேட்டுக்கு நகல் எடுக்க வெல்வெட்தான் வேண்டும். துணியை முதல் பிளேட்டில் மெல்ல ஒற்றி, அடுத்ததில் ஒற்றினால் போதும், அதே இடத்தில் அதே புள்ளி முளைக்கும். கடையில் விற்கிற வெல்வெட் நாரு நாராக வருகிறதாம்.

"கல்யாண ரவிக்கையாச்சேக்கா" என்றேன்.

"கை ரெண்டுந்தானே போச்சு? முதுகு மிச்சம் இருக்கு" என்றார்.

இதையெல்லாம் நான் வீட்டில் போய்ச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். சிரிக்க முடியாத நாள் ஒன்றும் வந்தது. மூன்றாம் வருஷம் ஐப்பசி மழையில் அவர் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். ரயில்வேயில் வேலை, காலையில் டிபன் டப்பாவோடு போனவர். நான் விழுந்தடித்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன். கூடத்தில் மாமியார் சுருண்டு கிடந்தார். அக்கா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. அவர் என் கையைப் பிடித்து, "சரி, அழாதே. நானும் அம்மாவும் மிச்சம் இருக்கோம்" என்றார்.

அன்று எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. அந்த வார்த்தையை அங்கேயுமா என்று ஆத்திரமாக வந்தது. காரியங்கள் முடிந்த மறுநாளே, நெற்றியில் கோடு இல்லாமல் சோதனைச்சாலையில் நின்று ஈஸ்ட்டுக்குப் புதுக் கஞ்சி ஊற்றினார். மற்ற ஆசிரியைகள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். இந்தப் பெண்ணுக்கு நெஞ்சுக்குள் என்னதான் இருக்கிறது என்று நானும்தான் நினைத்தேன்.

அந்த மார்கழியில் ஒரு ஈஸ்ட் அவருக்குப் படிந்தது. மாவையும் தின்றது, சாராயமும் தந்தது. நான் மூன்று முறை வடித்து அளந்தேன். மூன்று முறையும் என் கண்ணை நான் நம்பவில்லை.

அவர் வேலை அப்போதும் தற்காலிகம்தான். வருஷா வருஷம் ஜூனில் நீட்டித்துக் கொடுப்பார்கள். இந்த முறை நிர்வாகம் கறாராகச் சொல்லிவிட்டது. ஆராய்ச்சிக்கு அனுமதி கொடுத்த சென்னை அலுவலகம் அந்த ஈஸ்ட்டை வாங்கிப் போய், சோதித்து, சரி என்று எழுத வேண்டும். எழுதினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் ஜூனோடு சரி. அந்தச் சம்பளத்தில்தான் இரண்டு பெண்களும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பங்குனி வெயிலில் கரண்ட் கண்ணாமூச்சி ஆடியது. கல்லூரியின் ஒரே ஃபிரிட்ஜ் உயிரை விட்டது. டெஸ்ட் டியூபில் வைத்திருந்த ஈஸ்ட் எல்லாவற்றிலும் பச்சைப் பூஞ்சை ஏறிவிட்டது. நான் தலையில் கையை வைத்துக்கொண்டேன். "என்ன மிச்சம்?" என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, சுத்தமாக இருந்த ஒரே ஒரு டியூபை எடுத்தார். ஜவ்வரிசியைக் கூழாகக் காய்ச்சிக் குக்கரில் அவித்து ஆற வைத்து, அதில் அந்த ஈஸ்ட்டைக் கலந்து, கண்ணாடித் தட்டுகளில் சின்னச் சின்ன வில்லையாக ஊற்றி, நிழலில் காய வைத்தார். காய்ந்துவிட்டால் ஈஸ்ட் உள்ளே தூங்கும். மாதக் கணக்கில் சாகாது. தண்ணீர் பட்டால் எழுந்துகொள்ளும். கொதிக்க வைத்துத் துடைத்த ஒரு பால்பவுடர் டப்பாவில் முப்பது வில்லைகளைப் போட்டு மூடினார். உலகத்தில் அந்த ஈஸ்ட் இருந்த ஒரே இடம் அந்த டப்பா.

சென்னை அதிகாரி வருவதற்கு முதல் நாள், அவர் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும் என்று நிர்வாகம் சோதனைச்சாலைக்கு வெள்ளையடிக்கத் தொடங்கியது. எங்கே பார்த்தாலும் சுண்ணாம்புத் தூசி. அக்காவுக்கு ராத்திரி வெகுநேரம் வரை அங்கேயே உட்கார்ந்து நோட்டுகளை எழுதி முடிக்கிற வேலை. "இதை எங்காத்துல குடுத்து வெச்சுட்டுப் போயிடறியா?" என்று டப்பாவை என் கையில் கொடுத்தார்.

வாசலில் மாமியார் வாங்கிக்கொண்டார். மூடியைத் திறந்து பார்த்தார். "என்னடிம்மா இது?"

ஈஸ்ட் என்று சொன்னால் உள்ளேயே விடமாட்டார் என்று நான் நினைத்தேன். எட்ட நின்று, "ஜவ்வரிசி மாமி. காய வெச்சது. பத்திரமா வைங்க" என்றேன். அதில் பொய் எங்கே இருக்கிறது என்று வரும் வழியெல்லாம் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் அதிகாரி ரங்கநாதரைச் சேவித்துவிட்டு நேரே அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தார். பிறகு கல்லூரிக்குப் போவதாக ஏற்பாடு. என்னையும் உட்காரச் சொன்னார்கள். மகன் போனதற்கப்புறம் அந்த வீட்டில் விருந்தாளிக்கு இலை போட்டது அன்றுதான். மாமியார் முகத்தில் ஒரு களை. வாழைக்காய்க் கறி, மோர்க்குழம்பு, ஒரு தாம்பாளம் நிறைய வெள்ளை வெளேரென்று பொரித்த வடாம்.

அதிகாரி நாலு சாப்பிட்டார். ஐந்தாவதைக் கடித்துக்கொண்டே, "மாமி, வடாம் ரொம்ப லேசா வந்திருக்கு. உப்புதான் துளி கம்மி" என்றார்.

மாமியார் நின்றுவிட்டார். "உப்பா? இருக்காதே" என்றார்.

அக்கா தாம்பாளத்திலிருந்து ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். எல்லாம் ஒரே அளவு, ஒரே வட்டம். கையால் இட்ட வடாம் அப்படி வராது.

"அம்மா, இது எந்த டப்பா?"

மாமியார் என்னைப் பார்த்தார். ஒரு விநாடிதான். பிறகு, "நான்தான் பார்க்காம எடுத்துட்டேன்டி. நம்மாத்து வடாம்னு நெனச்சுட்டேன். கண்ணு தெரியறதா என்ன எனக்கு" என்றார்.

நான் சொல்லியிருக்க வேண்டும். வாயில் சோறு இருந்தது. விழுங்கவும் இல்லை, பேசவும் இல்லை.

"சரி" என்றார் அக்கா. அதிகாரி பக்கம் திரும்பினார். "சார், நீங்க வாங்கிண்டு போக வந்தது இதுதான். அஞ்சு சாப்பிட்டிருக்கேள்."

அந்த மனிதரின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. முகம் வெளுத்துவிட்டது.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. எண்ணெயில போட்டதுமே எல்லாம் செத்துப் போயிருக்கும்" என்றார். அதுதான் ஆறுதல். "அம்மா, டப்பாவுல என்ன மிச்சம்?"

மாமியார் மூலையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். முப்பதையும் பொரித்துவிட்டிருந்தார். அக்கா டப்பாவை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அடியில் வில்லைகளின் ஓரம் உதிர்ந்து ஒரு சிட்டிகைத் தூள் கிடந்தது. மூடியை இறுக மூடி, "இது இருக்கு" என்றார்.

அதிகாரிக்குத் தஞ்சாவூரில் ஐந்து நாள் வேலை. திரும்பும்போது வருகிறேன், அதற்கு மேல் காத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

குக்கரில் அவித்த கஞ்சித்தண்ணீரில் அந்தத் தூளைக் கழுவி, மரவள்ளி மாவு கலந்த ஐந்து பிளேட்டுகளில் தடவினோம். மூன்றாம் நாள் எல்லாவற்றிலும் புள்ளி புள்ளியாக முளைத்திருந்தது. ஆனால் சமையல்கட்டில் திறந்த டப்பா. எது எங்கிருந்து வந்த ஈஸ்ட்டோ, யாருக்குத் தெரியும்? ஐயோடின் ஊற்றித்தான் பார்க்க வேண்டும். மாவு இருக்கிற இடம் கருநீலமாகிவிடும். மாவைத் தின்கிற புள்ளி இருந்தால் அதைச் சுற்றி மட்டும் வெள்ளை வளையம் தெரியும். ஐயோடின் ஈஸ்ட்டைக் கொன்றுவிடும் என்பதால் முதலில் ரவிக்கைத் துணியில் ஒற்றி நகல் எடுத்து வைத்தார் அக்கா.

முதல் பிளேட் முழுக்க நீலம். இரண்டாவது, மூன்றாவதும் நீலம். நாலாவதை ஊற்றும்போது பாதியை மேஜையில் கொட்டிவிட்டேன். அதுவும் நீலம்தான். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அக்கா ஐந்தாவதை என்னிடமிருந்து வாங்கித் தானே ஊற்றினார்.

நீலத்தின் ஓரத்தில் நாலணா அகலத்தில் ஒரு வெள்ளை வளையம்.

அக்கா சரி என்று சொல்லவில்லை. மேஜையைப் பிடித்தார், பிடி கிடைக்காமல் சுண்ணாம்புத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கை இரண்டும் வெடவெடவென்று ஆடின. கணவர் இறந்தபோது ஆடாத கை. கெட்டது நடந்தால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும். நல்லது நடந்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை. நான் தண்ணீர் கொடுத்தேன். டம்ளரைப் பிடிக்க முடியாமல் புடவையில் கொட்டிக்கொண்டார்.

அதிகாரி வந்து வாங்கிப் போனார். ஜூனில் கடிதம் வந்தது, வேலை நிரந்தரம் ஆனது. அந்த ஈஸ்ட்டை வைத்து யாரும் ஆலை கட்டியதாகக் கேள்விப்படவில்லை. எந்த ஊர்க் குளிர்பெட்டியில் தூங்குகிறதோ.

நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு வருஷம். மாமியார் பார்க்கிறவர்களிடமெல்லாம், "என் கண்ணு மங்கினதால அவ வேலையே போகத் தெரிஞ்சது" என்று சொல்லிச் சிரிப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தந்த காபியைக் குடித்துக்கொண்டிருப்பேன். சொல்ல வேண்டும் என்று போவேன், சொல்லாமல் வருவேன். மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்தின்போது பங்குச் சாமியாரிடம் சொன்னேன். சொல்ல வேண்டிய இடம் அது இல்லை என்று எனக்கே தெரியும்.

எனக்குச் சேலத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலையின் சோதனைச்சாலையில் வேலை கிடைத்தது. வழியனுப்ப அக்கா சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். இனி முடியாது என்று ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டேன்.

"அக்கா, அன்னிக்கு மாமி மேல தப்பு இல்ல. நான்தான் ஜவ்வரிசின்னு சொல்லிக் குடுத்தேன்."

"தெரியும்" என்றார். "அம்மா அன்னிக்கு சாயங்காலமே சொல்லிட்டா."

"அப்ப ஏன் அவங்க பழிய எடுத்துக்கிட்டாங்க?"

"வெளி மனுஷா முன்னாடி பொண்ணைக் காட்டிக் குடுக்கறதாவது, அது நம்மாத்துக் கொழந்தைன்னு சொல்லிட்டா. ஈஸ்ட்டுன்னு சொல்லியிருந்தா பெருமாள் அலமாரியிலேயே வெச்சிருப்பேனேன்னு மட்டும் ஒரே வருத்தம் அவளுக்கு. நத்தையிலேர்ந்து எல்லாம் தெரியுமே. நாந்தான் தினம் சொல்வேனே."

"நீங்களாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா. ரெண்டு வருஷம்."

"கேட்டிருந்தா நீ அப்புறம் எங்காத்துக்கு வந்திருப்பியா? வந்திருக்க மாட்டே. எங்களுக்கு யாரு மிச்சம்?"

வண்டி நகர்ந்தது. கூடவே நாலு எட்டு வேகமாக நடந்து, கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து ஜன்னலில் திணித்தார். அதே பால்பவுடர் டப்பா. உள்ளே வடாம், பெரிசும் சின்னதுமாக, கோணல் மாணலாகக் கையால் இட்டது.

"அம்மா குடுத்தா" என்று கத்தினார். "உப்பு போட்டிருக்காளாம். சொல்லச் சொன்னா."